முப்பதாயிரம் டாலர் நேர்மை

ஒரு நிமிஷம், நீங்கள் ஒரு டெலிபோன் என்ஜினீயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர் சென்னை இல்லை, மதுரை இல்லை. ஆப்பிரிக்காவில் ஏதோ ஒரு நாட்டின் தலைநகரம். நாற்பது டவர்களுக்கான சாமான்கள் துறைமுகத்தில் கன்டெய்னருக்குள் கிடக்கின்றன. தினம் தினம் டெமரேஜ் ஏறுகிறது. எதிரே ஒரு அதிகாரி. நல்ல மனுஷர்தான். காபி கொடுக்கிறார், பிள்ளைகளின் படிப்பை விசாரிக்கிறார். அப்புறம் மெதுவாக, ‘ஃபைல் மேலே போக வேண்டியிருக்கிறதே...’ என்று இழுக்கிறார்.

நமக்குப் புரியாத பாஷையா அது?

கொடுக்காவிட்டால் டவர் ஏறாது. டவர் ஏறாவிட்டால் எங்கோ ஒரு கிராமத்தில் பிரசவ வலி கண்ட பெண்ணுக்கு வண்டி கூப்பிட வழி கிடையாது. கொடுத்தால் எல்லாம் நடக்கும். ‘ஊருக்கு நல்லது செய்யத்தானே கொடுத்தேன்’ என்று ராத்திரி படுத்தால் தூக்கம் வருமா? எனக்கென்னவோ, வந்துவிடும் என்றுதான் தோன்றுகிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

இந்தக் கேள்வியை வருஷக்கணக்காகத் தலையில் சுமந்துகொண்டு அலைந்த ஒரு என்ஜினீயரைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப் போகிறோம். பெயர் மோ இப்ராஹிம். 1946-ல் ஸூடானில் பிறந்தவர். நூபியர் இனம். சின்ன வயசிலேயே குடும்பம் எகிப்துக்குப் போய்விட, அலெக்ஸாண்ட்ரியாவில் என்ஜினீயரிங் படித்தார். திரும்பி வந்து ஸூடான் டெலிபோன் இலாகாவில் வேலை. 1974-ல் இங்கிலாந்து போனார். பிராட்ஃபோர்டில் எம்.எஸ்ஸி., பர்மிங்ஹாமில் பிஹெச்.டி. ஆராய்ச்சி செய்தது மொபைல் தகவல் தொடர்பில். அப்போது அந்த வார்த்தையைச் சொன்னால் ‘அப்படின்னா?’ என்று கேட்கிற காலம்.

1983-ல் பிரிட்டிஷ் டெலிகாம் புதிதாக ஆரம்பித்த செல்நெட் கம்பெனியில் டெக்னிக்கல் டைரக்டர் ஆனார். பிரிட்டனின் முதல் இரண்டு செல்போன் நெட்வொர்க்குகளில் அது ஒன்று. சம்பளம், கார், மரியாதை எல்லாம் இருந்தது. 1989-ல் அதை விட்டுவிட்டு வீட்டுச் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து ஒரு கன்சல்டன்ஸி ஆரம்பித்தார். உலகம் பூராவும் செல்போன் கம்பெனிகளுக்கு ‘டவரை எங்கே வைக்கணும், எத்தனை வைக்கணும்’ என்று வரைபடம் போட்டுக் கொடுக்கிற தொழில். பிரமாதமாக ஓடியது. 2000-ல் அதை மார்கோனி கம்பெனி தொள்ளாயிரம் மில்லியன் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. கொஞ்சநஞ்சப் பணமில்லை.

நடுவில் ஒரு விஷயம் அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. ஐரோப்பா, ஆசியா என்று எல்லா ஊருக்கும் வரைபடம் போட்டாயிற்று. சொந்தக் கண்டத்திலிருந்து மட்டும் யாரும் கூப்பிடவில்லை.

அன்றைய ஆப்பிரிக்காவின் டெலிபோன் நிலைமையைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். சர்வதேசத் தொலைத்தொடர்பு யூனியன் சர் டொனால்ட் மெய்ட்லாண்ட் தலைமையில் ஒரு கமிஷன் போட்டது. 1985-ல் அறிக்கை வந்தது. டோக்கியோ என்ற ஒரே நகரத்தில் இருக்கிற டெலிபோன்கள், ஆப்பிரிக்கக் கண்டம் முழுவதிலும் இருப்பவற்றை விட அதிகம் என்று அதில் ஒரு தகவல். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்துக்குள் உலகத்தில் எல்லோருக்கும் எளிதில் எட்டுகிற தூரத்தில் ஒரு போன் இருக்க வேண்டும் என்பது கமிஷன் வைத்த இலக்கு. படித்த பெரிய மனிதர்கள் அதைக் கேட்டுச் சிரித்திருப்பார்கள்.

நாமும் அந்தக் காலத்தில் ரொம்ப ஒசத்தியில்லை. போனுக்கு எழுதிப் போட்டுவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருந்த வீடுகள் எத்தனை! ‘ஓ.ஒய்.டி.’ என்று கூடுதல் டெபாசிட் கட்டினால் சீக்கிரம் கிடைக்கும். எம்.பி. கோட்டா என்று ஒன்று இருந்தது. தீபாவளிக்கு லைன்மேனைக் ‘கவனிக்க’வில்லையென்றால் பொங்கல் வரை டயல் டோன் வராது. வரிசை எங்கே நீளமோ, அங்கே லஞ்சம் குட்டி போடும். டெலிபோன் அதற்கு அருமையான உதாரணம்.

சரி, ஆப்பிரிக்காவுக்குப் போவோம். தொண்ணூறுகளில் அங்கே பல அரசாங்கங்கள் செல்போன் லைசென்ஸ் கொடுக்கத் தயாராக இருந்தன. வாங்கத்தான் ஆளில்லை. ஒரு பெரிய ஐரோப்பிய டெலிபோன் கம்பெனி அதிகாரியிடம் ‘உகாண்டாவுக்குப் போங்களேன்’ என்று இவர் சொல்லிப் பார்த்திருக்கிறார். இடி அமீன் என்கிற பைத்தியக்காரன் ஆளுகிற ஊருக்குப் போகச் சொல்லி எங்கள் போர்டிடம் போய் நிற்கச் சொல்கிறாயா என்று கேட்டாராம் அவர். இடி அமீன் நாட்டை விட்டு ஓடியது 1979-ல்! பேப்பர் படிக்காததால் ஒரு கண்டம் போன் இல்லாமல் கிடந்தது என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான். ஆனால் ரொம்ப மிகையில்லை.

‘நீங்கள் போகாவிட்டால் நானே போகிறேன்’ என்று 1998-ல் அவர் ஆரம்பித்ததுதான் பின்னாளில் ‘செல்டெல்’ என்று பெயர் பெற்ற கம்பெனி. உகாண்டா, ஸாம்பியா, மலாவி, காங்கோ, சியரா லியோன் என்று பரவியது. சியரா லியோனில் அவர்கள் நுழைந்தபோது உள்நாட்டு யுத்தம் முடிந்திருக்கவில்லை. சில ஊர்களுக்குச் சாலையே இல்லாததால் சாமான்களை ஹெலிகாப்டரில் தூக்கிப் போக வேண்டியிருந்தது. கரன்ட் கிடையாது; ஒவ்வொரு டவரின் கீழும் ஜெனரேட்டர். அது குடிக்கிற டீசலை யாராவது கொண்டு போய்ச் சேர்க்க வேண்டும்.

ஒரு தமாஷ் சொல்கிறேன். காங்கோ நதியின் ஒரு கரையில் கின்ஷாஸா, எதிர்க்கரையில் பிராஸாவில். இரண்டும் இரண்டு நாடுகளின் தலைநகரங்கள். இங்கிருந்து பார்த்தால் அந்த ஊர்க் கட்டடம் தெரியும். ஆனால் போன் பேசினால் குரல் சாட்டிலைட் ஏறி, ஐரோப்பாவுக்குப் போய், திரும்பி வந்து எதிர்க்கரையில் இறங்கும். காசும் அதற்குத் தகுந்த மாதிரி. செல்டெல் ஆட்கள் நதிக்குக் குறுக்கே ஒரு மைக்ரோவேவ் இணைப்பைப் போட்டார்கள். அவ்வளவுதான். தொழில்நுட்பம் எப்போதோ தயார். நடுவில் இருந்தது தண்ணீர் இல்லை, இரண்டு அரசாங்கங்களின் கையெழுத்து.

கையெழுத்து என்றதும் நாம் ஆரம்பித்த இடத்துக்கு வந்துவிடுகிறோம். லைசென்ஸ், அலைவரிசை, கஸ்டம்ஸ், டவர் வைக்க நிலம் என்று எல்லாவற்றுக்கும் யாரோ ஒருவரின் பேனா வேண்டும். டெலிகாம் பேனாவுக்கு விலை உண்டு என்பது இந்தியர்களுக்குப் பாடம் நடத்த வேண்டிய விஷயமில்லை. 1996-ல், தொலைத்தொடர்பு மந்திரியாக இருந்த சுக்ராமின் வீடுகளில் சி.பி.ஐ. சோதனை போட்டபோது எண்ணி எடுத்தது சுமார் 3.6 கோடி ரூபாய் ரொக்கம்.

மோ இப்ராஹிம் என்ன செய்தார்? ஊழியர்களைக் கூப்பிட்டு நீதிபோதனை வகுப்பு நடத்திக்கொண்டிருக்கவில்லை. கம்பெனியில் ஒரு விதி போட்டார். 30,000 டாலருக்கு மேல் எந்தச் செக்காக இருந்தாலும் முழு போர்டின் ஒப்புதல் இல்லாமல் யாரும் கையெழுத்துப் போடக் கூடாது. யாரும் என்றால் யாரும். முதலாளியான அவர் உட்பட.

கோடிக்கணக்கான டாலர் புரளுகிற கம்பெனியில் இது எவ்வளவு பெரிய இம்சை என்று யோசித்துப் பாருங்கள். சும்மா ஒரு ஜெனரேட்டர் வாங்கக் கூட போர்டு. ஆனால் இந்த இம்சையில்தான் சூட்சுமம். மந்திரி கை நீட்டினால், நம் மேனேஜர் பணிவாக, ‘அய்யா, கொடுக்கிற அதிகாரம் என்னிடம் இல்லை. லண்டனில் போர்டு கூடணும். இன்னாருக்கு, இதற்காக, இவ்வளவு என்று மினிட்ஸில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடணும். எழுதி அனுப்பட்டுமா?’ என்று கேட்கலாம். மந்திரி ‘வேண்டாம்ப்பா’ என்பார். லஞ்சத்துக்கு மினிட்ஸ் புத்தகம் ஒத்துக்கொள்ளாது. மேனேஜர் கோபப்படவில்லை, மேடையேறவில்லை, வேலையை ராஜினாமா செய்யவில்லை. கை கட்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

நான் பி.காம். படித்தவன். ஆடிட்டிங் பேப்பரில் ‘இன்டர்னல் செக்’ என்று ஒரு பாடம் வரும். பணம் வாங்குகிறவன் கணக்கு எழுதக் கூடாது. கணக்கு எழுதுகிறவன் பணத்தைத் தொடக் கூடாது. பாங்க்கில் பெட்டகத்துக்கு இரண்டு சாவி, இரண்டு பேரிடம். இந்த ஏற்பாடெல்லாம் காஷியரைத் திருடன் என்று சந்தேகப்படுவதால் செய்வது என்றுதான் வகுப்பில் பாதிப் பேர் நினைத்தோம். கொஞ்சம் வயசான பிறகு வேறு மாதிரி தெரிகிறது. மகளுக்குக் கல்யாணம் வைத்துக்கொண்டு, கையில் மற்றவர் பணத்தோடு தனியாக உட்கார்ந்திருக்கிறானே ஒரு மனுஷன், அவனுக்குச் செய்கிற உபகாரம் அந்த இரண்டாவது சாவி.

இங்கே ஒரு தத்துவக்காரர் குறுக்கே வருகிறார். ஜெர்மனிக்காரர், இம்மானுவேல் கான்ட். 1785-ல் எழுதிய ஒரு புத்தகத்தில் ஒரு கடைக்காரரை உதாரணம் காட்டுகிறார். அந்தக் கடையில் எல்லோருக்கும் ஒரே விலை. சின்னக் குழந்தை வந்தாலும் ஏமாற்றுவதில்லை. ஏன்? பேர் கெட்டால் வியாபாரம் படுத்துவிடும். அப்படியானால் அவர் செய்தது சரியான காரியம், ஆனால் அதற்குத் தார்மீக மதிப்பு கிடையாது என்கிறார் கான்ட். கடமை என்பதற்காகவே செய்தால்தான் மதிப்பு.

அந்தக் கணக்கில் செல்டெல் மேனேஜரின் நேர்மைக்கு மார்க் எவ்வளவு? பூஜ்யம். கொடுக்க முடியாததால் கொடுக்கவில்லை. கை கட்டிப்போட்டவனின் கை சுத்தத்தைப் பாராட்டுவானேன்?

கான்ட் மாதிரி ஆளோடு மல்லுக்கட்ட எனக்கு யோக்கியதை இல்லைதான். இருந்தாலும் அந்தக் குழந்தையின் பக்கத்திலிருந்து கொஞ்சம் பாருங்கள். அம்மா கொடுத்தனுப்பிய காசுக்குச் சரியான சாமான் கிடைத்ததா, இல்லையா? கடைக்காரர் மனசுக்குள் என்ன ஓடியது என்பது கடைக்காரருக்கும் கடவுளுக்கும் உள்ள விவகாரம். குழந்தைக்குப் புளி சரியாக இருந்தால் போதும். மகாத்மாக்களை மட்டும் வேலைக்கு எடுப்பது என்றால் எந்த ஊரிலும் ஒரு டவர் கூட ஏறாது.

இதற்கும் என்ஜினீயரிங்குக்கும் ஒரு சம்பந்தம் இருக்கிறது. டெலிபோன் கம்பியில் எப்போதும் இரைச்சல் இருக்கும். நாய்ஸ். ஒழிக்கவே முடியாது. ஆரம்ப காலத்தில் எல்லோரும் ‘இன்னும் சத்தமாக அனுப்பு’ என்றுதான் பார்த்தார்கள். 1948-ல் பெல் ஆய்வுக்கூடத்தில் கிளாட் ஷானன் ஒரு கட்டுரை எழுதினார். இரைச்சல் இருந்துவிட்டுப் போகட்டும். சேதியைத் தகுந்தபடி சங்கேதத்தில் கட்டி அனுப்பினால், ஒரு குறிப்பிட்ட வேகம் வரைக்கும், பிழையை எவ்வளவு வேண்டுமானாலும் குறைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். உங்கள் சட்டைப் பையில் இருக்கிற செல்போன் வரைக்கும் அந்தக் கணக்கில்தான் ஓடுகிறது.

மொபைலில் டாக்டர் பட்டம் வாங்கிய ஆள், மனுஷ பலவீனத்தை இரைச்சல் மாதிரி பார்த்ததில் ஆச்சரியமில்லை. அதைப் பார்த்துக் கத்திப் பிரயோஜனமில்லை. அதோடு சேர்த்துத்தான் டிசைன் பண்ண வேண்டும். நம் மேடைகளில் ஊழலைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இன்னும் சத்தமாக அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

‘அப்போ 29,999 டாலர் கேட்டால்?’ என்கிறீர்கள். கணக்குத் தெரிந்த வாசகர். அந்த விதியிடம் இதற்குப் பதில் இல்லை. மந்திரிகள் சில்லறை வியாபாரம் செய்வதில்லை என்பது மட்டும்தான் ஆறுதல்.

2005-ல் செல்டெல்லைக் குவைத்தின் எம்.டி.சி. கம்பெனி 3.4 பில்லியன் டாலருக்கு வாங்கியது. எம்.டி.சி. பிறகு ‘ஸெய்ன்’ ஆனது. ஸெய்ன் தன் ஆப்பிரிக்க வியாபாரத்தில் பெரும்பகுதியை 2010-ல் 10.7 பில்லியன் டாலருக்கு விற்றது. வாங்கியவர் யார் தெரியுமோ? நம்ம ஏர்டெல். லஞ்சம் கொடுக்காமல் ஆப்பிரிக்காவில் தொழில் நடக்காது என்று சொன்னவர்களுக்கு இந்த எண்களே பதில் என்று மோ இப்ராஹிம் மேடைக்கு மேடை சொல்வார். அந்த வாதத்தில் எனக்கு ஒரு சின்ன சங்கடம். நேர்மையாக இருந்தால் லாபம் வரும் என்பதை நிரூபிக்க ஆரம்பித்தால், லாபம் வராத இடத்தில் என்ன செய்வது என்ற கேள்வி பின்னாலேயே வந்து நிற்கும்.

அந்த இடத்துக்குத்தான் அவர் அடுத்துப் போனார்.

கம்பெனி மேனேஜருக்கு மேலே போர்டு இருக்கிறது. ஒரு நாட்டின் ஜனாதிபதிக்கு மேலே? யாருமில்லை. அவர் செக்கில் இரண்டாவது கையெழுத்துப் போட ஆளில்லை. ஐரோப்பாவில் பதவியை விட்டு இறங்கினால் சொற்பொழிவுக்குப் பணம், கம்பெனிகளில் டைரக்டர் பதவி. ஆப்பிரிக்கத் தலைவர் நேர்மையாக ஆண்டுவிட்டு இறங்கினால் வாடகை கொடுக்கவே திண்டாட்டம் என்றார் இவர். பிறகு ஏன் இறங்குவார்? அதனால் ஒரு பரிசு வைத்தார். ஜனநாயக முறையில் தேர்வாகி, சட்டம் சொல்கிற காலம் மட்டும் ஆண்டு, ஒழுங்காகப் பதவியை விட்டு இறங்கிய தலைவருக்கு 50 லட்சம் டாலர், 10 வருஷங்களில் பிரித்து. அதற்கப்புறம் ஆயுசு பூரா வருஷத்துக்கு 2 லட்சம் டாலர். 2007-ல் முதல் பரிசு மொஸாம்பிக்கின் ஜோவாகிம் சிஸ்ஸானோவுக்கு. அடுத்த வருஷம் போட்ஸ்வானாவின் ஃபெஸ்டஸ் மொகாயி.

கான்ட் உயிரோடு இருந்தால் காபியைத் துப்பியிருப்பார். ‘திருடாமல் இருந்ததற்குப் பரிசா?’ பலரும் இதே கேள்வியைக் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். நம் வீட்டு வேலைக்காரம்மா பத்து வருஷம் ஒரு ஸ்பூன் கூட எடுக்கவில்லை. யாராவது பரிசு கொடுத்தோமா? போனஸ் கொடுக்கவே யோசிக்கிறோம்.

எனக்கு இந்தப் பரிசில் பிடித்தது வேறு ஒன்று. 2009-ல் கமிட்டி உட்கார்ந்து பார்த்துவிட்டு, யாருக்கும் தகுதியில்லை என்று சொல்லிவிட்டது. 2010-லும் அப்படியே. 2011-ல் கேப் வெர்டேவின் பெத்ரோ பிரெஸ், 2014-ல் நமீபியாவின் போஹம்பா, 2017-ல் லைபீரியாவின் எலன் ஜான்சன் சர்லீஃப், 2020-க்கான பரிசு நைஜரின் மஹமது இஸ்ஸுஃபு. நடுவில் மற்ற வருஷங்களில் காலி. பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு ‘கொடுக்க ஆளில்லை’ என்று உலகத்துக்குச் சொல்வதற்கு ஒரு தைரியம் வேண்டும். நம் ஊர் விருதுக் கமிட்டிகளை நினைத்துப் பாருங்கள். ஆளில்லை என்றால் கமிட்டியிலிருந்தே ஒருவருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

ஆனால் ஏற்பாட்டின் எல்லையும் அங்கேதான் தெரிந்துவிடுகிறது. இஸ்ஸுஃபு 2021-ல் முறைப்படி ஆட்சியை அடுத்தவரிடம் ஒப்படைத்தார். நைஜர் சுதந்திரம் பெற்றதிலிருந்து தேர்வான ஒருவர் தேர்வான இன்னொருவரிடம் ஆட்சியைக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. 2023 ஜூலையில் அந்த அடுத்தவரை அவருடைய சொந்தப் பாதுகாப்புப் படையே சிறைப்பிடித்தது. 50 லட்சம் டாலர் ஒரு மனுஷனை இறங்க வைக்கலாம். துப்பாக்கியோடு ஏறுகிறவனை என்ன செய்யும்?

மோ இப்ராஹிமின் சொந்த நாட்டுக்கு வருகிறேன். 2023 ஏப்ரலில் ஸூடானில் ராணுவமும் துணைப்படையும் ஒன்றோடொன்று மோத ஆரம்பித்தன. கார்ட்டூம் நகரத்தில் ஜனங்கள் பட்டினி. தெருவுக்குத் தெரு இளைஞர்கள் பொதுச் சமையல் கூடம் திறந்து பருப்பும் கஞ்சியும் கொடுத்தார்கள். அந்த அடுப்பு எதில் எரிந்தது? செல்போனில். வெளிநாட்டில் இருக்கிற உறவுக்காரர்கள் மொபைல் வழியாகப் பணம் அனுப்புவார்கள். அதே மொபைல் வழியாகக் கடைக்காரருக்குப் பணம் கொடுத்து மூட்டை வாங்குவார்கள். கையில் ரொக்கம் கிடையாது. 2024 பிப்ரவரியில் நாடு முழுக்க நெட்வொர்க் அடங்கியது. ராணுவம் துணைப்படையைக் கை காட்டியது, அவர்கள் மறுத்தார்கள். சமையல் கூடங்கள் பல மூடின. சாப்பாட்டுக்கே வழியில்லாத நாட்டில் டெலிபோன் எதற்கு என்று மெய்ட்லாண்ட் காலத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு இதைவிடக் கொடுமையான பதில் கிடைத்திருக்க முடியாது.

இங்கே எந்த விதியைப் போடுவது? இரண்டாவது சாவி யாரிடம்? செக்குக்கு வரம்பு வைக்கலாம், தோட்டாவுக்கு எப்படி வைப்பது? சங்கேதம் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும், கம்பியையே அறுப்பவனிடம் அது செல்லாது. அப்போதும் யாரோ ஒரு லோக்கல் என்ஜினீயர் குண்டுச் சத்தத்துக்கு நடுவில் டீசல் கேனோடு டவருக்குப் போய்த்தான் ஆக வேண்டியிருக்கிறது. எந்த போர்டும் அவருக்கு உத்தரவு போட முடியாது. எந்தப் பரிசும் அவருக்கு வைக்கப்படவில்லை. கான்ட் தேடிய ஆள் அவராகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அவரை நம்பி மட்டும் நெட்வொர்க் நடத்த முடியாது. அவர் இல்லாமலும் முடியாது.

நெட்வொர்க் அடங்கியிருந்த நாட்களில் ஸூடானின் சில ஊர்களில் கடத்தி வந்த சாட்டிலைட் டிஷ்களை வைத்து, மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு இணைப்புக் கொடுத்தார்கள். சில இடங்களில் அந்தக் காசை வாங்கியவர்கள் துப்பாக்கி வைத்திருந்தவர்களே என்று செய்திகள் வந்தன. வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு ‘உயிரோடுதான் இருக்கிறேன்’ என்று சொல்வதற்காக அந்த வரிசையில் ஒரு கிழவர் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கையில் கசங்கிய நோட்டு. வாங்கப் போகிறவன், அவர் வீட்டைக் கொளுத்திய கூட்டத்தைச் சேர்ந்தவனாகக் கூட இருக்கலாம்.

அவரிடம் போய், ‘பெரியவரே, லஞ்சம் கொடுக்காதீர்கள்’ என்று சொல்ல என்னால் முடியாது. உங்களால் முடியுமா?